ஒன்பது அட்டவணைகளில் ஒரு நாடு

நேபாள அரசியலமைப்பை முன்பக்கத்திலிருந்து படிப்பதைவிடப் பின்பக்கத்திலிருந்து படித்தால் அந்த நாடு சீக்கிரம் பிடிபடும். 35 பகுதிகள், 308 பிரிவுகள் எல்லாம் முடிந்தபின் ஒன்பது அட்டவணைகள் வருகின்றன. முதல் மூன்றும் சின்னங்கள்: கொடி, நாட்டுப்பண், இலச்சினை. மீதி ஆறும் அதிகாரம்: மாகாணங்கள் எவை, எந்த வேலை யாருடையது என்ற பங்கீடு.

2015 செப்டம்பர் 20 அன்று நடப்புக்கு வந்த இந்தச் சாசனத்தில் அளவெடுத்து எழுதிய இடங்களில் சச்சரவு குறைவு. “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்ட இடங்களில் அதிகம். இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. அது மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது.

முதல் அட்டவணை: தையற்காரருக்கு ஒரு சட்டம்

உலக நாடுகளின் கொடிகளில் நாற்கரமாக இல்லாத தேசியக் கொடி நேபாளத்துடையது ஒன்றுதான். சாசனத்தின் 8ஆம் பிரிவு அதைச் சுருக்கமாகச் சொல்கிறது: கருஞ்சிவப்பு நிலம், அடர்நீலக் கரை, ஒன்றன்மேல் ஒன்றாக இரு முக்கோணங்கள், மேலே பதினாறு கதிர்களில் எட்டு மட்டும் தெரியும் பிறைநிலா, கீழே பன்னிரண்டு கதிர்ச் சூரியன், இரண்டும் வெள்ளை. வரையும் முறை முதல் அட்டவணையில் 24 படிகளாக இருக்கிறது. அதில் எங்கும் சென்டிமீட்டர் கிடையாது, விகிதமும் எண்ணில் கிடையாது. அளவுகோலும் காம்பசும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அளவையும் முந்தைய அளவிலிருந்து எடுக்க வேண்டும்.

கையில் ஒரு துணி இருக்கிறது, அடிக்கோடு 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 60 மூன்றாலும் நான்காலும் வகுபடுவதால் கணக்கு எளிது. அடிக்கோட்டின் இடமுனை அ, வலமுனை ஆ. அ-விலிருந்து செங்குத்தாக மேலே, அடிக்கோட்டையும் அதில் மூன்றிலொரு பங்கையும் சேர்த்து 80 செ.மீ. போனால் உச்சி இ. அதே செங்குத்தில் 60 செ.மீ. உயரத்தில் ஈ என்று குறித்து, ஈ-யையும் ஆ-வையும் சாய்வாக இணைக்க வேண்டும். அந்தச் சாய்கோட்டின் நீளம் 84.85 செ.மீ. அதில் ஆ-விலிருந்து 60 செ.மீ. அளந்தால் உ. உ வழியாக அடிக்கோட்டுக்கு இணையாக ஒரு கோடு. அது கம்பப் பக்கமான அ-இ செங்குத்தில் தொடங்கும் புள்ளி ஊ, அங்கிருந்து வலப்புறம் 60 செ.மீ. தள்ளி எ. கடைசியாக இ-யையும் எ-யையும் இணைத்தால் உருவம் தயார். ஊ-வின் உயரம் 42.43 செ.மீ. வருகிறது. சதுரத்தின் மூலைவிட்டம் உள்ளே நுழைந்துவிட்டதால் இனி எந்த அளவும் முழு எண்ணாக வராது.

நிலா கொஞ்சம் பாடாய்ப் படுத்தும். அடிக்கோட்டில் கால்பங்கு, அதாவது 15 செ.மீ. தள்ளி ஒரு செங்குத்து அச்சு போடுகிறோம். இ-ஊ இடைவெளியின் நடுப்புள்ளி ஒ. அதன் உயரம் 61.21 செ.மீ. ஒ-விலிருந்து கிடைமட்டமாகப் போகும் கோடு அச்சை வெட்டும் இடம் ல. ஒ-வையும் எ-யையும் இணைக்கும் கோடு அச்சை வெட்டும் இடம் ம. ம-விலிருந்து கீழ்முக்கோணத்தின் சாய்கோட்டுக்கு உள்ள மிகக் குறைந்த தூரம் 8.14 செ.மீ. அதே தூரத்தை அச்சில் ம-வுக்குக் கீழே குறித்தால் ந. இப்போது ல-வை மையமாக வைத்து ந வரை, அதாவது 12.84 செ.மீ. ஆரத்தில் கீழ்நோக்கி ஒரு வில். அது ம வழியாகப் போகும் கிடைக்கோட்டை இருபுறமும் 11.95 செ.மீ. தூரத்தில் வெட்டும். ம-வை மையமாகக் கொண்டு அந்த 11.95 செ.மீ. ஆரத்தில் இன்னொரு அரைவட்டம். இரண்டு வில்லுக்கும் நடுவே கிடைப்பதுதான் பிறை. அதன் நடுத் தடிப்பு 3.8 செ.மீ.

கதிர்களுக்கு இன்னொரு சுற்று. ந-வை மையமாக்கி 8.14 செ.மீ. ஆரத்தில் வளைத்தால் பிறையின் உள்வில்லை இரண்டு இடத்தில் வெட்டும். அவ்விரண்டையும் இணைக்கும் கோடு அச்சைத் தொடும் இடம் த. அதை மையமாக வைத்து 7.72, 5.56 செ.மீ. ஆரங்களில் இரண்டு வில். இடைப்பட்ட வெளியில் ஒரே அளவிலான எட்டு முக்கோணங்கள். சூரியன் இதற்கு நேர்மாறாக எளிது: அ-ஊ உயரத்தின் பாதியில், 21.21 செ.மீ.இல், அதே அச்சின் மேல் 8.14, 12.84 செ.மீ. ஆரங்களில் இரு வட்டங்கள், இடையில் பன்னிரண்டு முக்கோணங்கள். நிலாவுக்கு எடுத்த அளவுகளையே சூரியனுக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கரையின் அகலம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த வரைவின் விசித்திரம். அது த-வுக்கும் ந-வுக்கும் இடையிலான தூரம்: 2.58 செ.மீ. அதாவது நிலாவைத் தப்பாக வரைந்தவருக்குக் கொடியின் கரையும் தப்பும். கரையைத் தனியாகத் தைத்து வைத்துவிட்டு நிலாவைப் பிறகு வெட்டி ஒட்டும் கடைகளில் கரை கண்மதிப்பில் போய்விடுவது இதனால்தான். 24ஆம் படி ஒரு சலுகை தருகிறது: கயிற்றில் கட்டுவதானால் சுற்றிலும் ஒரே அகலக் கரை, கம்பத்தில் செருகுவதானால் அந்தப் பக்கக் கரையை வேண்டிய அளவு அகலமாக்கிக்கொள்ளலாம்.

பிழைகள் பெரும்பாலும் நான்கு இடங்களில் வருகின்றன. முதலாவது, 60-க்கு 80 என்பதைப் பார்த்துவிட்டுக் கொடியின் விகிதம் 3:4 என்று முடிவுகட்டுவது. அது கரைக்கு உள்ளே இருக்கும் அளவு. கரை சேர்ந்தபின் அகலம் 71.57, உயரம் 87.25 செ.மீ.; விகிதம் 1:1.219, அதற்குமேல் முடிவில்லாமல் நீளும் தசமம். துணி வாங்கும்போது இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் மேலே ஒட்டுப்போட வேண்டிவரும். இரண்டாவது, நிலாவையும் சூரியனையும் முக்கோணங்களின் நடுவில் கொண்டுபோய் வைப்பது. அச்சு கால்பங்கில்தான் இருக்கிறது. இரண்டும் கம்பத்தை ஒட்டியே நிற்க வேண்டும். மூன்றாவது, மேல்முனையும் கீழ்முனையும் ஒரே நேர்கோட்டில் முடிய வேண்டும் என்று நினைத்து வெட்டுவது. சிவப்புத் துணியில் அப்படித்தான், எ-யும் ஆ-வும் ஒன்றன்மேல் ஒன்று. ஆனால் மேல்முனை 32 பாகை, கீழ்முனை 45 பாகை. கூர்மையான மூலையில் கரை அதிகம் நீளும்; முடித்த கொடியில் மேல்முனை கீழ்முனையைவிட ஏறக்குறைய 2.75 செ.மீ. வெளியே துருத்தும். அதைப் பிழை என்று எண்ணி நறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. நான்காவது சூரியனைச் சாய்த்து வைப்பது: இரண்டு கதிர்களின் நுனி அச்சின் மேல் நேராக நிற்க வேண்டும், பள்ளம் அல்ல. எல்லா நாட்டுக் கொடிகளையும் ஒரே பெட்டி அளவில் அடைக்கும் அட்டைகளில் இது வெள்ளைச் செவ்வகத்துக்குள் ஒட்டிய படமாகிப் போவதையும் ஐந்தாவதாகச் சேர்க்கலாம். அது வரைந்தவர் பிழையல்ல, பெட்டி செய்தவர் பிழை.

இந்த வடிவம் சட்டமானது 1962 டிசம்பர் 16 அன்று. அதுவரை நிலாவுக்கும் சூரியனுக்கும் கண், மூக்கு, வாயோடு முகம் இருந்தது. அன்றைய அரசியலமைப்புதான் முகத்தைத் துடைத்துவிட்டுக் கோணமும் வில்லும் கொடுத்தது. அதே அரசியலமைப்புதான் கட்சிகளுக்கு இடமில்லாத பஞ்சாயத்து ஆட்சிக்கும் அடித்தளம். தேர்ந்தெடுக்கப்பட்ட பி.பி. கொய்ராலா அரசை மன்னர் மகேந்திரா கலைத்து அப்போது இரண்டு ஆண்டு. அந்த ஆட்சி போய்விட்டது, 1990இல் வந்த சாசனமும் போய்விட்டது, மன்னரே போய்விட்டார். அவர் காலத்து 24 படிகள் மட்டும் ஒவ்வொரு சாசனத்துக்கும் கைமாறி வந்து நிற்கின்றன.

கொடியின் பொருள் என்னவென்று சாசனம் எங்கும் சொல்வதில்லை. இமயச் சிகரங்கள் என்பார்கள், இந்து–பௌத்தம் என்பார்கள், நிலா அரச குடும்பம், சூரியன் பிரதமர் பதவியைப் பரம்பரையாக வைத்திருந்த ராணாக்கள் என்பார்கள். நிலவும் கதிரும் உள்ளவரை நாடு நிலைக்கட்டும் என்ற விளக்கம் நமக்கு அந்நியமில்லை. ‘சந்திராதித்தவல்’ என்று நம் கல்வெட்டுகளில் நிலக்கொடைக்கு எழுதிவைத்ததும் அதே எண்ணம்தான்.

இரண்டாம், மூன்றாம் அட்டவணைகள்

கொடி தப்பியது, பாட்டு தப்பவில்லை. பழைய நாட்டுப்பண் மன்னரின் புகழ்பாடுவது. அதன் மெட்டு 1899இல் அமைந்தது, சொற்கள் 1924இல். 2006 மக்கள் எழுச்சிக்குப் பின் அதை வைத்திருக்க வழியில்லாமல் போனது. புதிய பாட்டுக்கு அழைப்பு விடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வந்தன. பியாகுல் மைலா என்ற புனைபெயரில் எழுதும் பிரதீப் குமார் ராய் எழுதியதைத் தேர்ந்தெடுத்தார்கள். இசை அம்பர் குருங். அவர் பிறந்தது இந்தியாவின் டார்ஜிலிங்கில் என்பது எல்லைக்கு இருபுறமும் ஓடும் நேபாளிப் பண்பாட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு வியப்பாக இருக்காது. 2007 ஆகஸ்ட் 3 அன்று அது நாட்டுப்பண் ஆனது. பல பூக்கள் சேர்ந்த ஒரே மாலை என்ற உருவகத்தில் தொடங்கும் அந்தப் பாட்டில் மன்னருக்கு இடமில்லை, பல இனம், பல மொழி, பல சமயம் உண்டு. முடியாட்சி சட்டப்படி முடிந்தது 2008 மே 28 அன்று. ஆக, பாட்டிலிருந்து மன்னர் வெளியேறியது அரியணையிலிருந்து இறங்குவதற்குப் பத்து மாதம் முன்பே.

இலச்சினையும் அப்படித்தான். பழையதில் குக்ரி என்ற வளைகத்தியும் துப்பாக்கியுமாகக் காவல் நிற்கும் இரு வீரர்கள், மேலே கிரீடம். 2006 டிசம்பர் இறுதியில் வந்த புதியதில் ஆயுதமே இல்லை. உச்சியில் கொடி, கீழே எவரெஸ்ட், பச்சை மலைகள், தராய் சமவெளிக்கு மஞ்சள், நடுவில் வெள்ளையில் நாட்டின் வரைபடம், அதன்மேல் கைகோக்கும் ஆண் கையும் பெண் கையும், சுற்றிலும் லாலிகுராஸ் என்ற மலைப்பூவின் மாலை. “பெற்ற தாயும் பிறந்த நாடும் சொர்க்கத்தினும் உயர்ந்தவை” என்ற சமற்கிருத வரியை மட்டும் பழையதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

முன்பு சொன்ன விதிவிலக்கு அந்த வெள்ளை வரைபடம். கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்த 1816 சுகௌலி உடன்படிக்கை நேபாளத்தின் மேற்கு எல்லை காளி நதி என்றது. அந்த நதி எங்கே பிறக்கிறது என்பதைச் சொல்லவில்லை. லிம்பியாதுராவில் பிறக்கிறது என்பது நேபாளத்தின் வாதம். அதை ஏற்றால் காலாபானி, லிபுலேக் உட்பட சுமார் 335 சதுர கிலோமீட்டர் நேபாளத்துக்குள் வரும். இந்தியா ஏற்கவில்லை; அந்தப் பகுதி இந்தியாவின் கையில் இருக்கிறது. 2020 மே 8 அன்று லிபுலேக் போகும் சாலையை இந்தியா திறந்துவைத்தது. மே 20 அன்று நேபாளம் புதிய வரைபடம் வெளியிட்டது. ஆனால் பழைய வரைபடம் இலச்சினைக்குள், இலச்சினை அட்டவணைக்குள், அட்டவணை சாசனத்துக்குள். ஆகவே படத்தில் வடமேற்கு மூலையில் ஒரு வால் சேர்க்க, இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு சாசனத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கீழவையில் வந்திருந்த 258 பேரும் ஆதரித்தார்கள். மேலவையில் 57. ஜூன் 18 அன்று குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அரசுக் கடிதத்தாள், முத்திரை, சான்றிதழ் என இலச்சினை இருக்கும் இடத்திலெல்லாம் அந்த வால் முளைக்க வேண்டியதாயிற்று. ஒரு நாட்டின் எல்லைக் கோரிக்கை கடிதத் தலைப்பில் ஏறியபின் அதிலிருந்து பின்வாங்குவது எந்தப் பிரதமருக்கும் லேசல்ல.

9ஆம் பிரிவில் இன்னும் நான்கு சின்னங்கள் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. மலர் லாலிகுராஸ், மலை ஏற ஏற அந்த மரத்தின் பூ வெளிறிக்கொண்டே போகும், தேசியச் சின்னத்தில் இருப்பது தாழ்ந்த சரிவுகளின் சிவப்பு. நிறம் சிம்ரிக் என்ற குங்குமச் சிவப்பு. பறவை டாம்பே என்ற இமயமலைக் கோழியினம். விலங்கு பசு. 2006 மே 18 அன்று இந்து ராச்சியம் என்ற அடையாளத்தைக் கைவிட்ட நாடு பசுவைக் கைவிடவில்லை. பசுவையோ காளையையோ கொன்றால் இன்றும் மூன்றாண்டு வரை சிறை. சாசனத்தின் 4ஆம் பிரிவு மதச்சார்பின்மைக்குத் தரும் விளக்கத்திலேயே தொன்றுதொட்டு வரும் சமயத்தையும் பண்பாட்டையும் காப்பதும் அடங்கும் என்று எழுதியிருக்கிறார்கள். பசு நிற்பது அந்த விளக்கத்தின் நிழலில்.

நான்காம் அட்டவணை: பெயரில்லாத மாகாணங்கள்

கொடிக்கு 24 படி எழுதியவர்கள் மாகாணங்களுக்குப் பெயர்கூட எழுதவில்லை. முதல் அரசியல் நிர்ணய சபை 601 பேர் கூடியும் 2012 மே 28 அன்று சாசனமே இல்லாமல் கலைந்தது. உடைந்தது கூட்டாட்சியில்தான்: மாகாணங்களை இனத்தின் பெயரால் பிரிப்பதா, நதியின் பெயரால் பிரிப்பதா. 2013 நவம்பரில் தேர்வான இரண்டாம் சபை அந்தச் சிக்கலை அவிழ்க்காமல் தாண்டியது. மாகாணம் எண் 1, எண் 2 என்று மாவட்டங்களை மட்டும் அடுக்கிவிட்டு, பெயரையும் தலைநகரையும் அந்தந்த மாகாணச் சபை மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு முடிவுசெய்யட்டும் என்றார்கள்.

கர்ணாலி 2018இலேயே பெயர் வைத்துக்கொண்டது. கண்டகி, சுதூர்பஸ்சிம் அதே ஆண்டு. பாக்மதி, லும்பினி 2020. இரண்டாம் எண் மாகாணம் மாதேஷ் ஆனது 2022 ஜனவரியில். சப்தரியிலிருந்து பர்சா வரை எட்டுச் சமவெளி மாவட்டங்களைக் கொண்ட இதுதான் சாசனம் வந்த நாளிலிருந்து கொதித்த பகுதி. தராயைத் துண்டுபோட்டு மலை மாவட்டங்களோடு சேர்த்ததை எதிர்த்து 2015 செப்டம்பரில் தொடங்கிய மறியலில் மாதக்கணக்கில் எரிபொருள் வரவில்லை. 2016 ஜனவரியில் வந்த முதல் திருத்தம் தொகுதி பிரிக்கும்போது மக்கள்தொகைக்கு முதலிடம் கொடுத்தது; எல்லைக்கோடுகள் மாறவில்லை. கடைசியாக முதலாம் எண் மாகாணம் 2023 மார்ச்சில் கோசி ஆனது. நதியின் பெயர், யாருக்கும் வம்பில்லை என்று நினைத்தார்கள். அங்குள்ள லிம்பு, கிராந்தி பழங்குடி மக்கள் தங்கள் அடையாளம் எங்கே என்று தெருவில் இறங்கினார்கள்.

ஐந்து முதல் ஒன்பது வரை

மத்திய அரசுக்கு 35 அதிகாரங்கள், மாகாணத்துக்கு 21, இருவருக்கும் பொதுவாக 25, உள்ளூருக்கு 22, மூவருக்கும் பொதுவாக 15. இந்தியாவின் மூன்று பட்டியல்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாகப் படுவது உள்ளூர் அரசுகளுக்கென்று சாசனத்திலேயே தனிப்பட்டியல் இருப்பதுதான். நாடு முழுக்க 753 உள்ளூர் அரசுகள்: 6 மகாநகரம், 11 உபமகாநகரம், 276 நகரப் பாலிகா, 460 கிராமப் பாலிகா. இவற்றின் கீழ் 6,743 வார்டுகள். மதிப்புக்கூட்டு வரியிலும் உள்நாட்டுக் கலால் வரியிலும் 70 சதவீதம் மத்திய அரசுக்கு, 15 மாகாணங்களுக்கு, 15 உள்ளூருக்கு. வரவுசெலவுத் திட்டத்தை ஜேட மாதம் 15ஆம் நாள், அதாவது மே மாத இறுதியில் தாக்கல் செய்தே தீர வேண்டும் என்று சாசனமே நாள் குறித்துவிட்டது. நிதியமைச்சருக்கு அதில் தள்ளிப்போட வழியில்லை.

பட்டியல் தெளிவு, பழக்கம் அப்படியல்ல. எட்டாம் அட்டவணைப்படி மேல்நிலை வரை பள்ளிக்கல்வி உள்ளூர் அரசின் வேலை. ஆசிரியர்களுக்கோ தங்கள் பணி பாலிகாவின் கையில் போவதில் விருப்பமில்லை. 2023 செப்டம்பரில் பள்ளிக்கல்வி மசோதாவை எதிர்த்து நாடெங்கும் வகுப்புகளை விட்டுவிட்டுக் காத்மாண்டுவில் திரண்டார்கள். மாகாணக் காவல்துறை ஆறாம் அட்டவணையில் முதல் வரியாகவே இருக்கிறது. அதற்கான சட்டம் 2020இல் வந்தது. காவலர்களைப் பிரித்து அனுப்பும் வேலை மட்டும் நகரவில்லை. பாலிகாவின் தலைமை நிர்வாக அதிகாரியை அனுப்புவதும் மத்திய அரசுதான். குடியுரிமைச் சான்றிதழ் வாங்கப் போகிறவருக்கு இந்தப் பங்கீடு நேரடியாகத் தெரியும். முதலில் வார்டு அலுவலகத்தில் ‘சிஃபாரிஸ்’ என்ற பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். அதில் கையெழுத்திடுவது மக்கள் தேர்ந்தெடுத்த வார்டுத் தலைவர். அந்தக் கடிதத்தோடு மாவட்ட நிர்வாக அலுவலகம் போக வேண்டும்; சான்றிதழ் தருவது காத்மாண்டுவின் ஆளான மாவட்டத் தலைமை அதிகாரி.

உள்ளூர் அரசில் உண்மையாகவே புதிதான ஒன்று நீதிக்குழு. வாய்க்கால் தண்ணீர், வரப்பு, கூலிபாக்கி, மாடு மேய்ந்த பயிர் போன்ற 13 வகை வழக்குகளில் தீர்ப்பே சொல்லலாம். இன்னும் 11 வகைகளில் சமரசம் மட்டும். மூன்று பேர் கொண்ட அந்தக் குழுவுக்குத் தலைமை துணைத்தலைவர். ஒரு கட்சி தலைவர், துணைத்தலைவர் இரண்டுக்கும் ஆள் நிறுத்தினால் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது தேர்தல் சட்டம். கட்சிகள் வழக்கம்போலத் துணைப்பதவியைப் பெண்ணுக்குக் கொடுத்தன. விளைவு, 2017இல் 753 துணைத்தலைவர்களில் சுமார் 700 பேர் பெண்கள், நீதிக்குழுக்களின் தலைமையும் அவர்களிடம். 2022இல் அந்த எண்ணிக்கை இறங்கியது. கூட்டணி வைத்த கட்சிகள் தலைவர் பதவியை ஒன்று, துணைப்பதவியை இன்னொன்று என்று பிரித்துக்கொண்டன. ஒரே ஆளை நிறுத்தும் கட்சிக்கு இந்த விதி பொருந்தாது.

அட்டவணைக்கு வெளியே: 76ஆம் பிரிவு

கீழவையான பிரதிநிதிகள் சபையில் 275 இடம். 165 பேர் தொகுதியில் நேரடியாக, 110 பேர் விகிதாசாரப் பட்டியலில். பட்டியலில் இடம் பெற மொத்த வாக்கில் 3 சதவீதம் வேண்டும். அந்தப் பட்டியலிலும் கஸ் ஆரியர் எனப்படும் மலைப்பகுதி மேல்சாதியினர் 31.2, பழங்குடி இனத்தவர் 28.7, மாதேசி 15.3, தலித் 13.8, தாரு 6.6, முஸ்லிம் 4.4 சதவீதம் என்று பங்கு. ஒவ்வொரு கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் மூன்றில் ஒருவர் பெண் என்ற விதியும் சேர, தொகுதிகளில் ஆண்களை நிறுத்திவிட்டுக் கணக்கைப் பட்டியலில் நேர்செய்கிறார்கள். மேலவையான தேசிய சபையில் 59 பேர்: மாகாணத்துக்கு எட்டு, நியமனம் மூன்று.

இந்தக் கலப்பு முறையில் ஒரே கட்சிக்குப் பெரும்பான்மை கிடைப்பது அபூர்வம். அதனால் பிரதமரை நியமிக்கும் 76ஆம் பிரிவு படிக்கட்டாக இருக்கிறது. முதலில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். இல்லையென்றால் கூட்டணியின் ஆதரவு பெற்றவர். அதுவும் இல்லையென்றால் பெரிய கட்சியின் தலைவர். அவர் 30 நாளில் நம்பிக்கை வாக்குப் பெறாவிட்டால், பெரும்பான்மை காட்டக்கூடிய எந்த உறுப்பினரும். இதுவே உட்பிரிவு 5. அதுவும் தோற்றால்தான் கலைப்பு, ஆறு மாதத்தில் தேர்தல்.

2020 டிசம்பரில் பிரதமர் கே.பி. சர்மா ஒலி இந்தப் படிகளைத் தாண்டி நேராகக் கலைப்புக்குப் போனார். இரண்டு மாதத்தில் உச்சநீதிமன்றம் சபையை மீட்டது. 2021 மே மாதம் இரண்டாம் முறை. உட்பிரிவு 5இன்கீழ் தனக்கு 153 பேர் என்றார் ஒலி, எனக்கு 149 பேர் என்றார் நேபாளி காங்கிரஸ் தலைவர் தேவுபா. கூட்டினால் 302, சபையோ 275. ஒரே உறுப்பினர்கள் சிலரை இருவரும் எண்ணியிருந்தார்கள், ஒருவர் கட்சியோடு, மற்றவர் கையெழுத்தோடு. உட்பிரிவு 5இல் கட்சிக் கொறடாவின் உத்தரவு செல்லுமா என்பதைச் சாசனம் எழுதாமல் விட்டிருந்தது. செல்லாது என்று ஜூலை 12 அன்று நீதிமன்றம் சொல்லி, தேவுபாவைப் பிரதமராக்க உத்தரவிட்டது.

2022 தேர்தலில் 32 இடம் மட்டுமே பெற்ற மூன்றாவது கட்சியான மாவோயிஸ்டுகளின் தலைவர் பிரசண்டா, 89 இடம் பெற்ற நேபாளி காங்கிரசைத் தாண்டிப் பிரதமரானார். 2023 ஜனவரியில் அவருக்கு 268 வாக்கு. கூட்டணிக் கட்சி விலகினால் 30 நாளில் மறுபடி நம்பிக்கை கோர வேண்டும் என்பது 100ஆம் பிரிவு. அவர் கூட்டாளியை மாற்றிக்கொண்டே இருந்ததால் பதினெட்டு மாதத்தில் ஐந்து முறை கோரினார், ஐந்தாவது முறை 63 வாக்கோடு போனார். இந்தச் சாசனம் வந்தபின் எந்தப் பிரதமரும் ஐந்தாண்டு முழுசாக இருந்ததில்லை.

2025 செப்டம்பரில் படிக்கட்டே உதவாமல் போயிற்று. இளைஞர் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு, மறுநாள் 9ஆம் தேதி, மறுபடி பிரதமராக இருந்த ஒலி விலகல், தலைமைச் செயலகமான சிங்க தர்பாரில் தீ. 12ஆம் தேதி முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமரானார். 76ஆம் பிரிவின் எந்தப் படியும் சபை உறுப்பினர் அல்லாத ஒருவருக்கு வழிவிடவில்லை. அவர் பதவியேற்ற கையோடு பிரதிநிதிகள் சபை கலைந்தது. 2026 மார்ச் 5 என்று தேர்தல் நாள் குறித்தார்கள். கலைந்தது அது மட்டுமே. தேசிய சபையும் ஏழு மாகாணச் சபைகளும் 753 உள்ளூர் அரசுகளும் அப்படியே இருந்தன.